மரமிறக்கிய பாதையும் எஞ்சிய பாலமும்

நம் குடாநாட்டில் ஆறென்று சொல்லத்தக்கது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே, பெருங்காடும் இல்லை. ஆதலால், மரமிறக்குவதற்கென்றே மலையில் இருப்புப்பாதை அமைத்த வரலாறு நமக்குப் புதுமையாய்த் தோன்றும். கொச்சி அரசின் காட்டு டிராம்வே 1907 இல் ஓடத் தொடங்கிற்று. பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை அதன் நீளம் ஏறக்குறைய 50 மைல். தேக்கும் ஈட்டியும் அதன் வழியே இறங்கின.

அதன் பொறிநுட்பம் நின்று நோக்கத்தக்கது. எஞ்சின் ஏறமாட்டாத சரிவுகளில், கம்பிவடத்தின் ஒரு தலையில் மரமேற்றிய வண்டியையும் மறுதலையில் வெறும் வண்டியையும் பிணைத்தனர். கனத்தது இறங்க, வெறியது தானே மேலேறிற்று. உச்சியிலிருந்த உருளையின் தடையே வேகத்தை அடக்கிற்று. துலாமிதித்து நீரிறைத்த நம் முன்னோர்க்கு இஃது எளிதில் விளங்கியிருக்கும்!

ஆயினும், மரத்தைக் கொணரப் பாதை, பாதையைப் பேண மரம் என்றாயிற்று, காடு மெலிந்தது. 1963 இல் டிராம்வே மூடப்பட்டது. பின்னர்த் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. காடர் குடியிருப்பாகிய குரியார்குட்டியில் ஆற்றின்மேல் அமைந்த பாலம் எஞ்சிற்று. பறவையறிஞர் சலீம் அலி 1933 இல் தங்கி ஆராய்ந்த இடமும் அதுவே. 2010 இல் பறம்பிக்குளம் புலிகள் காப்பகமாயிற்று.

காடழித்த கருவியைப் பேணுவானேன் என்று வினவலாம். வெட்டுண்ட மரங்கள் சென்ற வழியை நிலத்திலே காட்டுவது அப்பாலமே. பேணுவதாயின், பொறியியலின் பெருமையோடு காடிழந்த கணக்கையும் பொறித்த கல்லொன்று அதனருகே நிற்றல் வேண்டும்.