டச்பேட் ஸ்க்ரோல் தறிகெட்டு ஓடுகிறதா?

லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது: "இரண்டு விரலை வைத்து லேசாக இழுத்தால் போதும், பக்கம் அடிவரை ஓடிவிடுகிறது. படித்துக்கொண்டிருந்த வரி எங்கே போனதென்றே தெரியவில்லை." டச்பேட் கெட்டுப்போனதாக நினைத்து சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிச் செல்பவர்கள் உண்டு. லினக்ஸையே அழித்துவிடுபவர்களும் உண்டு. இரண்டுக்கும் அவசரம் வேண்டாம். பாயின்டர் ஒழுங்காக நகர்ந்து, ஸ்க்ரோல் மட்டும் ஓடினால் பெரும்பாலும் அது செட்டிங் சமாச்சாரம்தான்.

மவுஸ் வீலை உருட்டினால் படிப்படியாக நகரும். ஒரு படிக்கு இத்தனை வரி என்று கணக்கு உண்டு. டச்பேடில் படி கிடையாது. விரல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை லிப்இன்புட் என்ற மென்பொருள் அளந்து சொல்கிறது. அந்தத் தூரத்துக்குப் பக்கத்தை எவ்வளவு நகர்த்துவது என்று முடிவெடுப்பது நீங்கள் திறந்து வைத்திருக்கும் புரோகிராம். விரலை எடுத்த பிறகும் பக்கம் வழுக்கிக்கொண்டே போவதும் புரோகிராமின் வேலைதான். (பல புரோகிராம்களில், வழுக்கும்போது விரல்களை மறுபடி டச்பேடில் வைத்தால் நின்றுவிடும்.) இதனால்தான் ஒரே லேப்டாப்பில் பிரவுசர் பறக்கும், டெக்ஸ்ட் எடிட்டர் சாதுவாக இருக்கும்.

எனவே முதலில் ஒரு சோதனை. பிரவுசர், ஃபைல் மேனேஜர், டெக்ஸ்ட் எடிட்டர் மூன்றையும் திறந்து ஒரே மாதிரி ஸ்க்ரோல் செய்து பாருங்கள்.

ஃபயர்பாக்ஸ் மட்டும் ஓடுகிறது என்றால் வேலை சுலபம். முகவரிப் பெட்டியில் 'அபவுட்', முக்காற்புள்ளி, 'கான்ஃபிக்' என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் செய்யுங்கள். எச்சரிக்கை ஒன்று வரும். ஏற்றுக்கொண்டு உள்ளே போங்கள். தேடும் பெட்டியில் 'டெல்டா' என்று தட்டினால் சில வரிகள் வரும். அவற்றில் 'மவுஸ்வீல்', 'டீஃபால்ட்' என்று தொடங்கி, 'மல்டிப்ளையர்' என்ற சொல்லுக்குப் பிறகு 'ஒய்' என்ற எழுத்தில் முடியும் வரிதான் மேலும் கீழும் நகர்வதற்கானது. அதில் 100 என்று இருக்கும். 50 என்று மாற்றினால் வேகம் பாதியாகும். மவுஸ் வீலின் வேகமும் சேர்ந்தே குறையும் என்பதை மறக்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொடாதீர்கள்.

எல்லாப் புரோகிராமும் ஓடுகிறதா? கேடிஇ பிளாஸ்மா வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் டச்பேட் பக்கத்துக்குப் போனால் ஸ்க்ரோலிங் ஸ்பீட் என்று தனி ஸ்லைடரே இருக்கும். இடப்பக்கம் இழுத்து, அப்ளை கொடுங்கள். க்னோம் பல ஆண்டுகளாக இந்த வசதியைத் தரவில்லை. அதன் டச்பேட் பக்கத்தில் உள்ள வேக ஸ்லைடர் பாயின்டருக்கானது. இவ்வளவு சாதாரணமான ஒன்றை ஏன் வைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

எக்ஸ்ஆர்க் முறையில் இயங்கும் டெஸ்க்டாப் என்றால் (லினக்ஸ் மின்ட்டில் பெரும்பாலும் இதுதான்) டெர்மினலில் சரிசெய்யலாம். கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன், ஆங்கிலத்தில் தட்டுங்கள். முதலில் 'எக்ஸ்இன்புட் லிஸ்ட்'. வரும் பட்டியலில் டச்பேட் என்ற வரியில் ஐடி எண் இருக்கும். 12 என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் 'எக்ஸ்வேலண்ட்' என்ற பெயர்கள் வந்தால் உங்களுடையது வேலண்ட் முறை; இந்த வழி உதவாது.

அடுத்து: எக்ஸ்இன்புட் செட்-ப்ராப் 12 "லிப்இன்புட் ஸ்க்ரோலிங் பிக்ஸல் டிஸ்டன்ஸ்" 30

மேற்கோள் குறிகளும் கட்டளையில் சேர்ந்தவை. அவற்றுக்குள் லிப்இன்புட் தவிர மற்ற மூன்று சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். கடைசி எண்தான் முக்கியம். வழக்கமான மதிப்பு 15. இது விரல் கடக்க வேண்டிய தூரம் என்பதால், எண் கூடினால் வேகம் குறையும். பலர் இதைத் தலைகீழாக நினைத்து 10 கொடுத்துவிட்டு இன்னும் ஓடுகிறதே என்பார்கள். என் அத்தை தினமும் செய்தி படிக்கும் லேப்டாப்பில் 30 வைத்திருக்கிறேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பினாலும் படித்த வரி அங்கேயே இருக்கிறது என்கிறார்.

இதை விளக்கும் பழைய குறிப்புகள் பலவற்றில் சினாப்டிக்ஸ் டிரைவருக்கான கட்டளைகளே இருக்கும். 2015-ல் வந்த ஃபெடோரா 22 லிப்இன்புட்டுக்கு மாறியது, மற்றவையும் பின்தொடர்ந்தன. லிப்இன்புட் உள்ள லேப்டாப்பில் அந்தக் கட்டளைகள் பலிக்காது.

மேலே சொன்ன டெர்மினல் மாற்றம் லேப்டாப்பை அணைத்துப் போட்டால் போய்விடும். சரியான எண் கிடைத்ததும் அந்தக் கட்டளையை ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அதில் ஐடி எண்ணுக்குப் பதிலாக டச்பேடின் முழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுப்பது நல்லது. புதிதாக ஒரு மவுஸைச் செருகினால்கூட ஐடி எண் மாறக்கூடும்.