புற்றுச் செல்லுக்கு அடையாளம் உண்டா?

தடுப்பூசி என்றால் நோய் வருமுன் போட்டுக்கொள்வது என்றே சிறு வகுப்பு முதல் படித்து வருகிறோம். போலியோ, தட்டம்மை, தொண்டை அடைப்பான் எல்லாம் அப்படித்தான். அங்ஙனமிருக்க, புற்றுநோய் வந்துவிட்டவருக்குத் தடுப்பூசி எதற்கு? உயிரியல் பாட வேளையில் எழுந்த இந்த ஐயத்துக்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கருப்பை வாய்ப் புற்றுநோய் வராதிருக்க நம் வயதுப் பெண்களுக்குப் போடும் ஊசி, அந்நோயை உண்டாக்கும் வைரசைத் தடுப்பது. ஏற்கெனவே வந்த புற்றை அது குணமாக்காது. நாம் பேசப்போவது சிகிச்சைத் தடுப்பூசி. பெயரில்தான் தடுப்பு, செய்வது சிகிச்சை.

நம் இரத்தத்தின் வெள்ளணுக்களில் டி செல் ஒரு வகை. உடலின் செல்கள் தம்முள் உண்டாகும் புரதங்களின் சிறு துணுக்குகளை வெளிப்புறத்தில் ஏந்திக் காட்டுகின்றன. டி செல் அவற்றைச் சோதித்துச் செல்லும். அயல் துணுக்கு தென்பட்டால் அச்செல்லைக் கொல்லும். இவ்வாறு எதிர்ப்பைத் தூண்டும் பொருளே ஆன்டிஜென். கிருமி அயலான், எளிதில் பிடிபடும். புற்றுச் செல்லோ நம் உடலிலேயே பிறந்தது. வீட்டுப் பிள்ளையே திருடனானால் காவல் நாய் குரைக்குமா?

குரைக்கும் என்று காட்டியவர்களுள் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பணியாற்றிய தியெரி பூன் குழுவினர் முக்கியமானவர்கள். மெலனோமா எனும் தோல் புற்று கண்ட ஒரு பெண்மணியின் டி செல்களை, அவருடைய புற்றுச் செல்களோடு சோதனைக் கலத்தில் சேர்த்தார்கள். புற்றுச் செல்கள் மடிந்தன. சில மட்டும் தப்பின. தப்பியவை அடையாளத்தை இழந்தவையாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே மடியக்கூடிய செல்களின் ஜீன்களைப் பகுதி பகுதியாகத் தப்பியவற்றுள் செலுத்தி, எந்த ஜீன் புகுந்ததும் அவை மீண்டும் பிடிபடுகின்றன என்று தேடினார்கள். 1991இல் அந்த ஜீனை வெளியிட்டு மேஜ்-1 எனப் பெயரிட்டார்கள். தப்பியவனைக் கொண்டே அடையாளத்தைக் கண்டுபிடித்த இந்த யுக்தியை நாங்கள் இரண்டு முறை படித்து வியந்தோம். இவ்வகை ஜீன்கள் விந்தகம் போன்ற ஓரிரு இடங்கள் நீங்கலாக நலமுள்ள உறுப்புகளில் உறங்கிக் கிடப்பவை. பல புற்றுகளில் விழித்துக்கொள்கின்றன.

இனி ஊசி செய்வதுதானே பாக்கி என்று தோன்றும். செய்தார்கள். மேஜ்-ஏ3 என்ற உறவு ஆன்டிஜெனைக் கொண்ட ஊசியை, நுரையீரல் புற்றுக்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் சோதித்தார்கள். ஆய்வில் சேர்ந்தவர்கள் 2272 பேர். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நோய் திரும்பி வருவதில் வேறுபாடு இல்லை என்று 2014இல் தெரியவந்தது. அடையாளம் தெரிந்தால் மட்டும் போதாது. கொல்லும் டி செல்கள் போதிய அளவில் எழ வேண்டும், புற்றுக்கட்டி அவற்றுக்குப் போடும் தடைகளும் நீங்க வேண்டும்.

பின்னர் வந்தது வேறொரு வழி. புற்றுச் செல்லின் ஜீன்களில் நேரும் மாற்றங்களால், உடலில் முன்பு இல்லாத புதிய துணுக்குகள் தோன்றும். அவை ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே தையற்காரர் அளவெடுப்பதுபோல், ஒவ்வொருவரின் கட்டியையும் நலமுள்ள செல்களையும் ஒப்பிட்டு, 34 அடையாளங்கள் வரை தேர்ந்து, அவருக்கென்றே ஆர்.என்.ஏ. ஊசி தயாரித்தார்கள். மெலனோமா கண்ட 157 பேரிடம் நடந்த ஆய்வில், டி செல்லின் தடையை அகற்றும் மருந்தோடு இவ்வூசியும் பெற்றவர்களில் 100க்கு 79 பேர் 18 மாத முடிவில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 62 பேர். நம்பிக்கை தரும் கணக்குத்தான். ஆனால் 157 பேர் சிறு எண்ணிக்கை. மேஜ்-ஏ3 கதையும் மறக்கத் தக்கதன்று. பெரிய ஆய்வு 2023இல் தொடங்கியது.

ஊசி வந்துவிட்டதாம், இனிக் கத்தி வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். மேற்சொன்ன 157 பேரும் முதலில் அறுவை செய்துகொண்டவர்கள். வெட்டி எடுத்த அந்தக் கட்டியிலிருந்துதான் ஊசிக்கு வேண்டிய அடையாளங்களே கிடைத்தன.