ரூகன் தீவில் வீடு பிடிக்கும் முன்

ரூகனுக்குப் போகலாம் என்று நினைத்ததுமே எல்லோரும் சுண்ணாம்புப் பாறை, கலங்கரை விளக்கம், நீராவி ரயில் என்று பட்டியல் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கே தங்குவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஜெர்மனியின் மிகப் பெரிய தீவு அது, 926 சதுர கிலோமீட்டர். காரும் இல்லாமல், ஊரிலிருந்து வந்த பெரியவர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பெர்லினிலிருந்து கிளம்பும் நாம், பேருந்து அத்திப்பூத்தாற்போல் வரும் உள்கிராமத்தில் போய்த் தங்கினால் தீவில் பாதி கண்ணில் படாது.

எங்கள் விஷயத்தில் இதை நான் ஆரம்பத்திலேயே சொன்னேன். கடலோர ஊர்களான பின்ஸ் அல்லது செல்லின், இரண்டில் ஒன்று என்றேன். திருநெல்வேலியிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்த நேரம். இருவரும் சைவம், மாமாவுக்குச் சர்க்கரையும் உண்டு. ஹோட்டல் சரிப்படாது, சமையலறையோடு கூடிய விடுமுறை வீடுதான் வேண்டும். அதிலும் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் என் கணவரின் சித்தப்பா மகன் விடவில்லை. அவரிடம் கார் இருக்கிறது, பல வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறார், அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. “கடலோரத்துல காசைக் கொட்டாதீங்க மதினி, ராத்திரி படுக்கத்தானே வீடு?” என்று சொல்லிவிட்டு, தீவின் நடுவில் ஒரு கிராமத்தில் அவரே எங்களுக்கு வீடு பிடித்துக்கொடுத்தார். ஓர் இரவுக்கான வாடகையைப் பார்த்தாரே தவிர, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை.

அந்தப் பொடி எழுத்தில்தான் எங்கள் பணம் போனது. காலி செய்த பிறகு வீட்டைச் சுத்தம் செய்ய ‘எண்ட்ரைனிகுங்’ என்று ஒரு தொகை. அது வாடகையில் சேராது. படுக்கை விரிப்பு, துண்டு ஆகியவற்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாக. ஊராட்சி வாங்கும் ‘கூர்டாக்ஸே’ என்ற வரி, ஆளுக்கு ஓர் இரவுக்குச் சில யூரோ. எல்லாவற்றுக்கும் மேலே டெபாசிட். கூட்டிப் பார்த்தபோது, நான் பின்ஸில் பார்த்து வைத்திருந்த வீட்டின் மொத்தத் தொகைக்கே வந்து நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். கட்டிலில் மெத்தை இருந்தது, உறை போடாத தலையணை இருந்தது, விரிப்பு இல்லை. உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்தால், “நீங்கள் விரிப்புக்குச் சொல்லவில்லையே” என்றார். “ஏம்மா, விரிக்கிறதுக்கும் நாமதான் கொண்டாந்திருக்கணுமா?” என்று கேட்டுவிட்டு, அத்தை பெட்டியைத் திறந்து தன் நூல் சேலைகளை எடுத்து நான்காக மடித்து ஒவ்வொரு கட்டிலிலும் விரித்தார். எழுபது வயதைத் தாண்டியவர், அவ்வளவு தூரம் ரயிலில் வந்த களைப்போடு. அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

காலி செய்து வந்த பிறகு மின்னஞ்சல் வந்தது. சமையல் வாசனை போகச் சிறப்புச் சுத்தம் செய்ய வேண்டியிருந்ததாம், டெபாசிட்டிலிருந்து பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்களாம். ரசத்துக்குத் தாளித்ததுதான் நாங்கள் செய்தது, அதையும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. “விட்டுருங்க மதினி” என்றார் கொழுந்தன். நான் விடவில்லை. கிளம்பும் அன்று காலையில் அடுப்பு, குளியலறை, சுவர் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருந்தேன். வீட்டில் எந்தக் குறையும் இல்லை என்று சாவி வாங்க வந்தவரிடம் எழுத்தில் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அவற்றை இணைத்து, ஒப்பந்தத்தின் எந்த வரியில் வாசனைக்குக் கட்டணம் இருக்கிறது, சுத்தம் செய்ததற்கான பில் எங்கே என்று ஜெர்மனில் எழுதிக் கேட்டேன். பில் வரவில்லை. பணம் முழுதாகத் திரும்பி வந்தது.

ஆகவே பணம் கட்டும் முன்பே எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். விரிப்பு உண்டா, இந்தியச் சமையல் செய்யலாமா, பக்கத்து நிறுத்தத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, எல்லாவற்றையும் எழுத்திலேயே. வாய்வார்த்தை எதற்கும் உதவாது. பதில் சொல்லச் சலித்துக்கொள்கிற வீட்டுக்காரர் நமக்கு வேண்டாம்.

அடுத்த முறை பெரியவர்கள் வந்தபோது நானே செல்லினில் வீடு எடுத்தேன். போகிற வழி எளிது: பெர்லினிலிருந்து ஷ்ட்ரால்சுண்ட், அங்கே மாறினால் பாலம் தாண்டிப் பின்ஸ். அங்கிருந்து செல்லினுக்கு ‘ராசெண்டர் ரோலாண்ட்’. புட்புஸ், பின்ஸ், செல்லின், பாபே, கோரன் என்று கடலோர ஊர்களைக் கோக்கும் குறுகிய பாதை நீராவி ரயில். முதல் பகுதி 1895இல் திறந்தது, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, எஞ்சினில் கரி அள்ளிப் போடுவதைப் பார்ப்பதற்காகவே எங்களை அடுத்த வண்டிக்கு நிற்க வைத்தார். செல்லினில் 394 மீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் போகும் மரப்பாலம் இருக்கிறது. மேட்டிலிருந்து அதற்கு இறங்கப் படிகள் அதிகம், ஆனால் பக்கத்திலேயே லிஃப்ட் உண்டு.

கிரானிட்ஸ் வேட்டை மாளிகைக்கு ரயிலிலிருந்து இறங்கி மேட்டில் நடக்க வேண்டும். 38 மீட்டர் கோபுரம். உள்ளே 154 வார்ப்பிரும்புப் படிகள் சுவரை ஒட்டிச் சுழன்று ஏறும், துளைகள் வழியே கீழே தெரியும். பெரியவர்களைக் கீழே உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஏறுங்கள். ப்ரோரா பின்ஸுக்குப் பக்கம். நாஜிகள் 20,000 பேர் விடுமுறைக்குத் தங்குவதற்கென 1936இல் தொடங்கி, போர் வந்ததால் பாதியில் விட்ட நாலரைக் கிலோமீட்டர் நீளக் கட்டடம். 2011 முதல் அதில் ஓர் இளைஞர் விடுதி நடக்கிறது, சில பகுதிகளைச் சொகுசு வீடுகளாகவும் மாற்றியிருக்கிறார்கள். மலிவு என்று அங்கே தங்கச் சொன்னவர்களும் உண்டு. வரலாறு தெரிய ஒரு மணி நேரம் நின்று பார்ப்பேன், பிள்ளைகளோடு படுத்துறங்க எனக்கு மனம் வராது.

கோனிக்ஸ்ஷ்டூல் பாறைக்குச் சாஸ்னிட்ஸிலிருந்து பேருந்து இருக்கிறது. 118 மீட்டர் வெள்ளைச் சுண்ணாம்பு. 2023இல் திறந்த தொங்கு நடைபாதையில் படி ஏறாமலே அத்தையால் விளிம்பு வரை வர முடிந்தது. கீழே கடற்கரையில் பாறையடியில் நடப்பது வேறு விஷயம். 2005இல் விஸ்ஸோவர் கிளிங்கன் முகடுகள் சரிந்து கடலில் விழுந்தன. 2011 டிசம்பரில் காப் அர்கோனாவில் பாறை சரிந்து பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். மழைக்கோ பனி உருகலுக்கோ பிறகு அந்தப் பக்கமே பிள்ளைகளை விடாதீர்கள், எத்தனை பேர் அங்கே நின்று படமெடுத்தாலும் சரி.

ஹிட்டன்சேக்கு ஷாப்ரோடேயிலிருந்து படகு. அந்தத் தீவில் தனியார் கார் ஓடாது, அதனால் கார் வைத்திருப்பவருக்கும் நமக்கும் அங்கே ஒரே நடைதான். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். துறைமுகக் கடைகளில் மீன் வைத்த ரொட்டிதான் கண்ணில் படும். பள்ளி விடுமுறையில் மாட்டிக்கொண்டவர்கள் வீட்டைக் குளிர்காலத்திலேயே பிடித்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்றுதான் பலர் தருகிறார்கள். மே மாதமோ செப்டம்பரோ முடிந்தால் வாடகை இறங்கும், பெரியவர்களுக்கும் வெயில் தொந்தரவு இல்லை. எப்போது போனாலும் பெட்டியின் அடியில் இரண்டு விரிப்பை மடித்து வைத்துவிடுங்கள்.