ரிக் வண்டியில் ஏறும் பேரனுக்கு

அன்புள்ள கண்ணு,

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியில் சேர்ந்துவிட்டாய், தீபாவளி கழிந்ததும் மத்தியப் பிரதேசம் கிளம்புகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். அவளுக்கு மனசே இல்லை. கோயமுத்தூரில் ஏதாவது பவுண்டரியில் சேர்ந்தால் ராத்திரி வீட்டுச் சோறு தின்னலாமே என்று புலம்பினாள். போய்விட்டு வரட்டும் என்றுதான் நான் சொன்னேன். ஜூனில் அங்கே மழை இறங்கினால் வண்டி நின்றுவிடும், ஆடிக்கு ஊரில் இருப்பாய். அதுவரைக்கும் பேர் தெரியாத காடுமேடெல்லாம்தான் உனக்கு ஊர்.

வேலையில் மர்மம் ஒன்றுமில்லை. கம்ப்ரஸர் காற்று ராடு வழியாக இறங்கி ஹேமரை இயக்கும், பிட் பாறையை நொறுக்கும், அதே காற்று பொடியை மேலே தள்ளும். அந்தப் பொடியைப் பார்த்து அடியில் இருப்பதைச் சொல்லத் தெரிந்தவன்தான் டிரில்லர். ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் ஒரு கை அள்ளிக் கழுவிப் பார். நம்மூர்ப் பாறையிலேயே பழகிய கண்ணுக்கு மத்தியப் பிரதேசத்து மால்வாவின் கரும்பாறை லேசில் பிடிபடாது. எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பாறை அது. சில இடத்தில் இரண்டு அடுக்குக்கு நடுவே செம்மண் போல ஒன்று வரும். தண்ணீர் கிட்டே வந்தால் பொடி பறப்பது அடங்கி, ஈரக் கட்டியாக விழும். ஹேமர் சத்தமும் மாறும்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அறுநூறு அடி போயும் புகைதான் வருகிறது என்று வை. கடன் வாங்கிப் போர் போடுகிற குடியானவன் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். "இன்னும் நூறு அடி போகலாமா பையா?" என்பான். நமக்குக் கூலி அடிக் கணக்கு, ஆழம் போகப் போக ரேட்டும் ஏறும். பொடியில் தண்ணீர் வரும் வெடிப்புக்கான அடையாளமே இல்லை, வெறும் பச்சைப் பாறை என்று தெரிந்தால் அதை அவனிடம் சொல்லிவிடு. முடிவை அவன் எடுக்கட்டும். மறுபடி அந்த ஊர்ப் பக்கம் போகவே மாட்டோம் என்கிற தைரியத்தில் வாயை மூடிக்கொண்டு ராடு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீ அப்படி ஆகக் கூடாது சாமி.

தூசி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்பார்கள், போதாது. கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலில் தங்கும். சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. என்95 மாஸ்க் நிறைய வாங்கிக்கொண்டு போ. உன்னோடு நிற்கிற ஒடிசா, சத்தீஸ்கர் பையன்களுக்கும் கொடு. அவர்களும் வீட்டை விட்டு வந்தவர்கள்தான். மாஸ்ட் தூக்குமுன் மேலே கரண்ட் கம்பி இருக்கிறதா என்று நீயே அண்ணாந்து பார், அடுத்தவன் பார்த்திருப்பான் என்று விடாதே.

கடைசியாக மூடி. தண்ணீர் வராத பாயிண்டில் எல்லாருக்கும் எரிச்சலாக இருக்கும். அடுத்த ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும், வண்டியைக் கிளப்பத்தான் பார்ப்பார்கள். 2019-இல் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து செத்துப்போனது அப்படிக் கைவிட்ட போரில்தான். கேசிங் பைப்புக்கு இரும்பு மூடி போட்டு வெல்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் போல்ட்டு போட்டு முடுக்க வேண்டும், கைவிட்ட குழியை அடியிலிருந்து மேல்வரைக்கும் நிரப்ப வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010-லேயே சொல்லிவிட்டது. அது நிலத்துக்காரன் வேலை என்று வண்டியில் யாராவது சொல்வார்கள். மூடி விழுகிற வரைக்கும் நீ அந்த இடத்தை விட்டு நகராதே. நேரமாகிறது என்று மேனேஜர் கத்தினால், அப்பிச்சி சொல்லி அனுப்பினார் என்று சொல். திட்டு என் மேலேயே விழட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பிச்சி