கடல்நீரைச் சலிக்கும் கணிப்பொறி!



போன வாரம் மதிய இடைவேளையில் எங்க வகுப்பில் ஒரு சண்டை. "கிராஃபீன்னு ஒரு சல்லடை இருக்காம். கடல்நீரை இப்போதைவிட நூறு மடங்கு வேகமா குடிநீராக்குமாம். இனிமே தண்ணீர்ப் பஞ்சமே கிடையாது" என்றாள் ஒருத்தி. "அது வெறும் கணிப்பொறிக் கணக்கு. அதையெல்லாம் யாரு நம்புவா?" என்றான் இன்னொருத்தன். மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. படித்துப் பார்த்ததில், ரெண்டு பேர் சொன்னதும் பாதி சரி, பாதி தப்பு என்று புரிந்தது. எந்தப் பாதி? வாங்க பார்ப்போம்.

கிராஃபீன் என்றால் என்ன?

நம்ம பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட். கார்பன் அணுக்களால் ஆன தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு அது. அந்தக் கட்டிலிருந்து ஒரே ஒரு தாளை உருவினால் அதுதான் கிராஃபீன். அணுக்கள் தேன்கூடு மாதிரி அறுகோணமாக நிற்கும். 2004-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டைன் நோவோசெலோவ் ஆகியோர் சாதாரண ஒட்டும் டேப்பை வைத்தே இதைப் பிரித்துக் காட்டினார்கள்! 2010-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு.

ஒரு தாளின் தடிமன் சுமார் 0.34 நானோமீட்டர். 3 லட்சம் தாள்களை அடுக்கினால்தான் நம்ம நோட்டுத் தாள் ஒன்றின் தடிமன் வரும். ஓட்டை இல்லாத கிராஃபீனில் ஹீலியம் வாயுகூட நுழையாது. அதனால் தண்ணீர் போக வேண்டுமென்றால் நாமேதான் ஓட்டை போடணும். எவ்வளவு பெரிய ஓட்டை? அதுதான் கேள்வி.

ஒரு புதிர்

ரவை சலிக்கும் சல்லடையில் பெரியது நிற்கும், சின்னது விழும். ஆனால் உப்பில் உள்ள சோடியம் அயனியின் அகலம் சுமார் 0.2 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறு சுமார் 0.28. அதாவது, வெளியே நிறுத்த வேண்டிய ஆள்தான் சின்ன ஆள்! அப்புறம் எப்படிச் சலிப்பது?

கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைப் பாருங்கள். தனியாக வரமாட்டார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். சோடியமும் அப்படித்தான். தண்ணீரில் அதைச் சுற்றி 5, 6 தண்ணீர் மூலக்கூறுகள் மின்கவர்ச்சியால் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கூட்டத்தோடு சேர்த்து அகலம் சுமார் 0.7 நானோமீட்டர். சந்து குறுகலாக இருந்தால் தண்ணீர் தனியாக நழுவிப் போய்விடும்; மாப்பிள்ளை சொந்தக்காரர்களை விட்டு வர மனசில்லாமல் வெளியேயே நின்றுவிடுவார்.

கணிப்பொறி எப்படிக் கணக்குப் போடுகிறது?

இவ்வளவு சின்ன ஓட்டையில் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் கணிப்பொறிக்குள் போலச்செய்து பார்க்கிறார்கள். இதுதான் சிமுலேஷன். மந்திரம் ஒன்றும் இல்லை, நாம் படித்த நியூட்டனின் இரண்டாம் விதிதான். உங்க நோட்டிலேயே போட்டுப் பாருங்க.

சுருள்வில்லில் கட்டிய ஒரு குண்டு. நிறை 1. நடுவிலிருந்து 1 அலகு தூரம் இழுத்து விடுகிறோம். எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு விசையோடு வில் அதை நடுவுக்கு இழுக்கும். நேரத்தை 0.1, 0.1 ஆக நகர்த்துவோம்.

முதல் படி: விசை −1. புதிய வேகம் 0 − 0.1 = −0.1. புதிய இடம் 1 − 0.01 = 0.99.

இரண்டாம் படி: விசை −0.99. வேகம் −0.1 − 0.099 = −0.199. இடம் 0.99 − 0.0199 = 0.9701.

குண்டு மெதுவாக நடுவை நோக்கி வருகிறது பாருங்கள்! இப்போது சோம்பேறித்தனமாக 0.1-க்குப் பதில் 3 என்று நேரத்தை எடுத்துப் போட்டால்? முதல் படியில் இடம் −8. அடுத்த படியில் 55! 1 அலகு இழுத்துவிட்ட குண்டு 55-க்குப் போகுமா? கணக்கு சரி, படிதான் தப்பு. கணிப்பொறி இதற்காக நம்மைத் திட்டாது. 55 என்று அழகாக அச்சடித்துக் கொடுத்துவிடும்!

தண்ணீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் ஒரு முறை அதிர எடுக்கும் நேரம் சுமார் 10 ஃபெம்டோ வினாடி. அதனால் படி 1 ஃபெம்டோ வினாடி அளவில் இருக்க வேண்டும். 10 நானோ வினாடியைப் பார்க்கவே 1 கோடிப் படிகள்! ஒவ்வொரு படியிலும் ஆயிரக்கணக்கான அணுக்களுக்கு விசை கணக்கிடணும்.

இந்த முறைக்கு வழி போட்டவர்களில் ஒருவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். 1964-இல் அமெரிக்காவில் 864 ஆர்கான் அணுக்களைக் கணிப்பொறியில் ஓடவிட்டு, திரவம் எப்படி நகர்கிறது என்று காட்டினார். 1971-இல் ஸ்டில்லிஞ்சரோடு சேர்ந்து 216 தண்ணீர் மூலக்கூறுகளை ஓடவிட்டார்.

2012-இல் கிடைத்த விடை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கோஹென்-தனுகி, கிராஸ்மேன் இருவரும் கிராஃபீன் ஓட்டைகளைக் கணிப்பொறியில் சோதித்தார்கள். ஓட்டை ஏறக்குறைய அரை நானோமீட்டர் அகலம் இருக்கும்வரை உப்பு நிற்கிறது, தண்ணீரோ இன்றைய ஆர்.ஓ. சவ்வைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாகப் போகிறது என்று வந்தது. இன்னொரு சுவையான விஷயம்: ஓட்டையின் விளிம்பில் ஹைட்ரஜன் இருந்தால் உப்பு நன்றாக நிற்கிறது. ஹைட்ராக்சில் தொகுதி இருந்தால் தண்ணீர் இன்னும் வேகமாகப் போகிறது, ஆனால் உப்பும் கொஞ்சம் நுழைகிறது. ஏன்? வாசலிலேயே சொந்தக்காரர் போல ஒருவர் கை கொடுத்தால், மாப்பிள்ளை தன் கூட்டத்தை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார் இல்லையா!

எந்த ஓட்டை, எந்த விளிம்பு என்பதை, அப்படி ஒரு சவ்வைச் செய்து பார்ப்பதற்கு முன்பே சொன்னது கணிப்பொறி. ஆகவே "வெறும் கணக்கு" என்று ஒதுக்கியது தப்பு.

ஆனால் முழுசாக நம்பலாமா?

ஒன்று: சில நானோ வினாடிக்குள் முடிவு தெரிய வேண்டும் என்பதால் கணிப்பொறியில் 1,000 வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தம் கொடுத்தார்கள். நிஜக் கடல்நீர் ஆலையில் கொடுப்பது 55 முதல் 70 வரைதான்.

இரண்டு: கணிப்பொறியில் எல்லா ஓட்டையும் நாம் சொன்ன அளவில் இருக்கும். நிஜத்தில் சில ஓட்டை பெரிதாகிவிட்டால் உப்பு அந்த வழியாகப் போய்விடும். 2015-இல் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தினர் ஆக்சிஜன் பிளாஸ்மாவால் நிஜமாகவே ஓட்டை போட்டு, ஏறக்குறைய முழு உப்பையும் நிறுத்திக் காட்டினார்கள். கணக்கு ஜெயித்தது! ஆனால் அந்தக் கிராஃபீன் மூடியிருந்த இடம் 5 மைக்ரோமீட்டர் அகலம்தான். தலைமுடியின் தடிமனைவிடச் சின்னது.

மூன்று: வேகம் வேறு, மின்செலவு வேறு. கடல்நீரிலிருந்து தண்ணீரைப் பிரிக்க சுமார் 27 வளிமண்டல சவ்வூடு பரவல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளியே ஆகணும். எந்தச் சல்லடையாலும் அதைக் குறைக்க முடியாது. 2014-இல் அதே ஆய்வாளர்கள் குழுவாகச் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். சவ்வில் தண்ணீர் 3 மடங்கு எளிதாகப் போனாலும் கடல்நீர் ஆலையின் மின்செலவு 15 சதவீதம்தான் குறையும். அல்லது அதே செலவுக்கு சவ்வுகளை வைக்கும் அழுத்தக் குழாய்களில் 44 சதவீதம் மிச்சமாகும். தங்கள் சவ்வைத் தாங்களே புகழாமல் அதன் எல்லையையும் அவர்களே சொன்னார்கள் பாருங்கள், அதுதான் அறிவியல்!

இது நமக்கு தூரத்துச் செய்தி இல்லை. சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும், நாளொன்றுக்கு தலா 10 கோடி லிட்டர் திறனில் கடல்நீர் ஆலைகள் தொடங்கப்பட்டன. அங்கே 15 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பதும் சின்ன விஷயமா என்ன?

ஆக, கணிப்பொறி பொய் சொல்லாது. நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கேட்காமல் விட்டதை நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளணும்.

யோசிக்க:
1. மேலே உள்ள குண்டு கணக்கை 0.1 படியில் இன்னும் 3 படிகள் போடுங்கள். இடம் என்ன?
2. படியை 1 என்று எடுத்தால் குண்டு ஓடிப்போகுமா, திரும்பி வருமா?
3. பொட்டாசியத்தைச் சுற்றியுள்ள தண்ணீர்க் கூட்டம் சோடியத்தைவிடத் தளர்வானது. அப்படியென்றால் குறுகிய சந்தில் யார் எளிதாக நுழைவார்?

விடை தெரிந்தவர்கள் ஒரு தாளில் எழுதி, பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவில் கொடுங்கள். அடுத்த இதழில் பெயரோடு போடுகிறோம்.