புண்ணில் புழு: பெட்ரோல் ஊற்றலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். வலியே இல்லை என்பார். நேற்று கட்டைப் பிரித்தால், உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் பெட்ரோல் ஊற்றச் சொல்கிறார். அப்பாவோ, "வெளியே சொல்லாதேம்மா" என்று அழுகிறார். புழு ரத்தத்தில் கலந்துவிடுமா டாக்டர்?
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: கலக்காதும்மா. அவை உடம்பில் தானாக உண்டானவையும் அல்ல. திறந்த புண்ணின் வாடைக்கு வந்த ஈ முட்டையிட்டுப் போயிருக்கிறது. ஒரு தடவைக்கு 100-க்கு மேல் இடும். முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். செத்த சதையை மட்டும் தின்னும் இனங்கள் உண்டு. நம் நாட்டில் காணப்படும் கிரைசோமியா பெசியானா என்ற ஈயின் புழுவோ உயிருள்ள சதையையே குடைந்து இறங்கும். அதனால்தான் அவசரம்.

இந்தப் புழு மூச்சுவிடுவது பின்பக்கத் துளைகளால். தலையைச் சதைக்குள் புதைத்து, வாலை மேலே வைத்திருக்கும். காற்றை அடைத்தால் திணறி மேலே வரும். மாட்டுப் புண்ணுக்குக் கிராமத்தில் தைலம் ஊற்றுவதன் சூட்சுமம் அதுதான். நாங்களும் டர்பன்டைன் நனைத்த துணியைச் சற்று நேரம் வைத்து, மேலே வருபவற்றை இடுக்கியால் எடுப்போம். பெட்ரோல், பினாயில், அந்துருண்டைப் பொடி எதுவும் வேண்டாம். சதை வெந்துபோகும், ஆழத்தில் செத்த புழு அங்கேயே கிடந்து சீழ் வைக்கும்.

ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது. தினமும் சலைனால் கழுவி, அழுகிய சதையை வெட்டியெடுத்து, புதிதாகக் கட்ட வேண்டும். எடையைப் பார்த்து ஐவர்மெக்டின் மாத்திரை தருவதும் உண்டு. கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி அவசியம். சீழ் இருந்தால் ஆன்டிபயாடிக்.

புழுவை எடுப்பது சுலபம். எனக்குக் கவலை தருவது அந்த "வலியே இல்லை" என்ற பேச்சுதான். சர்க்கரையால் காலின் உணர்ச்சி போயிருக்கிறது. எலும்புவரை பாதிப்பு போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ரத்த ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் புண் ஆறாது.

அப்பா வெட்கப்பட ஒன்றுமில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவில் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பதுதான். புண்ணைச் சுத்தமான துணியால் மூடி, அந்தப் பெட்ரோலை வண்டியில் ஊற்றி, இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.