சந்தன விதையும் தாய் மரங்களும்

சந்தனம் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும் மரம். ஜவ்வாது மலை, சத்தியமங்கலம் முதலிய இடங்களின் வறண்ட காடுகளில் பிற மரங்களின் நடுவே அது சிதறிக் காணப்படும். இத்தகைய மரங்களை வெட்டும் முறையானது எஞ்சியவற்றின் தொகையோடு அவற்றின் பரம்பரைக் குணங்களையும் மாற்றிவிடுகிறது. 2002-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டில் பட்டா நிலத்துச் சந்தனம் நிலச் சொந்தக்காரருக்கே உரியதாயிற்று. வெட்டுவதற்கு வன இலாகாவின் அனுமதி இன்றும் வேண்டும். ஆதலால் இவ்விஷயம் நிலமுடையோர் யாவரும் அறியத்தக்கது.

சந்தனப் பூவின் மகரந்தத்தைத் தேனீ, ஈ முதலிய பூச்சிகள் மரத்துக்கு மரம் கொண்டுசெல்கின்றன. பெரும்பாலும் அயல் மரத்து மகரந்தம் சேர்ந்தாலே நன்றாய்க் காய் பிடிக்கும். இடையிலுள்ள மரங்கள் வெட்டுண்டால், தனித்து நின்ற மரம் பூத்தும் காய்ப்பது குறையும். காய்த்தவற்றிலும் தன் மகரந்தத்தாலோ உறவு மரத்தாலோ உண்டான விதைகள் மிகுந்து, நாற்றுக்கள் நலிந்துபோகும். ஒரே காளையை அதன் கன்றுகளுக்கும் கன்றுகளின் கன்றுகளுக்கும் விட்டுவந்த மந்தை நாளடைவில் என்னாகும் என்பதை நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

வேரிலும் தைலம் இருப்பதால் சந்தனத்தை அடியோடு அகழ்ந்தெடுப்பது வழக்கம். அவ்விடத்தில் அறுபட்டு நின்ற வேர்களிலிருந்து தளிர்கள் பல கிளம்பும். பார்ப்பவர் இருபது கன்றென எண்ணுவார். உண்மையில் அவை யாவும் ஒரே மரம். காட்டுத் தீயிலும் மேய்ச்சலிலும் விதைக்கன்றுகள் மாய்ந்து வேர்க்கன்றுகளே தப்பும்போது இம்மயக்கம் இன்னும் அதிகமாகிறது. வைரம் மிகுந்த மரங்களையே பொறுக்கி வெட்டுவதால் (திருடர் செய்வதும் அதுவே) சோகையான மரங்களே வித்துக்கு மிஞ்சுகின்றன. 1899-ஆம் வருஷத்தில் குடகில் குறிக்கப்பட்ட ஸ்பைக் நோய், இலைகளைச் சிறுத்துக் கூராக்கிச் சில ஆண்டுகளுக்குள் மரத்தைக் கொன்றுவிடும். அதைத் தாங்கும் மரம் ஒன்றைத் தேட வேண்டுமாயின், பலவகைக் குணமுள்ள மரங்கள் நமக்கு மிஞ்சியிருத்தல் வேண்டும்.

ஊர்க்கோடியில் காய்த்துக் குலுங்கும் ஒரே மரத்தடியில் விதை பொறுக்குவது எளிது, செலவும் குறைவு. ஆயினும் தோப்பு வைக்க எண்ணுவோர் அதைச் செய்யலாகாது. ஒன்றுக்கொன்று நூறு கெஜத்துக்குக் குறையாத தூரத்தில் நிற்கும் இருபது முப்பது மரங்களிலிருந்து சம அளவாக விதையெடுத்துக் கலத்தல் வேண்டும். வேர்க்கன்றுக் கூட்டத்தை ஒரு மரமாகவே கணக்கிடுக. கறுத்துப் பழுத்த பழங்களைப் பறவைகள் தின்னுமுன் சேகரித்து, சதையைக் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்துக. சந்தனம் பிற செடிகளின் வேரைப் பற்றிச் சாரம் உறிஞ்சுவதாகலின், நாற்றுப் பருவத்தில் துவரையும் நட்டபின் சவுக்கு, புங்கு போன்ற துணைமரமும் அவசியம்.

கிராம அலுவலர்கள் புறம்போக்கிலும் கோயில் நிலத்திலும் நிற்கும் முதிர்ந்த சந்தனங்களைக் கணக்கெழுதுகையில், சுற்றளவோடு அடுத்த சந்தன மரத்தின் தூரத்தையும் குறித்துவைத்தால், வித்துக்கு உதவும் மரம் எது, தனித்துப்போன மரம் எது என்பது விளங்கும். ஒரு மரத்தை வெட்ட மனு வரும்போது, அதன் விதை முன்னரே எடுக்கப்பட்டதா என்று விசாரிப்பதும் நலம்.